முதல் ஆறு மாதச் செலவை யார் தருவது?

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடை. ஜூன் 14 வரை நீடிக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். படகில் போகிறவர் வீடு மட்டும் முடங்குவதில்லை. ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் பெண்கள், ஐஸ் உடைப்பவர்கள், வலை கட்டுபவர்கள், மீன்பாடி வண்டி ஓட்டுபவர்கள் என்று ராயபுரத்தில் பாதித் தெருவுக்கு வருமானம் சுருங்கிவிடும்.

மேற்படிப்பு முடிவுகளும் இந்த இரண்டு மாதத்திலேயே வந்து விழுகின்றன. உதவித்தொகையோடு தரப்படும் இடத்துக்கு ஏப்ரல் 15 வரை மாணவர் பதில் சொல்லலாம், அதற்குமுன் அவரை நெருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தமக்குள் செய்துகொண்டிருக்கும் ஒப்பந்தம். மே, ஜூன் மாதங்களில் ஜாம் தேர்வு எழுதியவர்களுக்கு ஐஐடி எம்.எஸ்சி. இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இடம் வந்த சில நாட்களுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அது கைநழுவிப் போகும். வீட்டில் பணம் அறவே இல்லாத வாரங்களில்தான் எங்கள் வடசென்னைப் பிள்ளைகள் ஐந்தாண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது என்று பத்திரிகைகளில் வரும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, பெற்றோரின் வங்கிக் கணக்கில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்படுபவை. தரவரிசை பார், பேராசிரியர்களைப் பார், வேலைவாய்ப்பைப் பார் என்பார்கள். தவறில்லை. ஆனால் எண்ணூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் மகனோ, துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரியோடு இரவெல்லாம் வரிசையில் காத்துக்கிடப்பவரின் மகளோ இந்த ஆலோசனையை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

சில ஆண்டுகளாக இந்தப் பகுதிக் கல்லூரி மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வருகிறேன். இயற்பியல் முடித்த ஒரு பெண்ணிடம் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, வெளிமாநில ஐஐடியில் எம்.எஸ்சி.; பெரிய பெயர், ஆனால் உதவித்தொகை கிடையாது. இன்னொன்று, வெளியே அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் முதுநிலையும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு. முதல் ஆண்டிலிருந்தே மாதாமாதம் உதவித்தொகை. அவளுடைய அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்துப் பழைய வண்ணாரப்பேட்டையில் விற்பவர். தொழிலுக்கு முதல் என்பது தண்டல்தான். பத்தாயிரம் என்று பேசினால் கைக்கு வருவது எட்டாயிரத்து ஐந்நூறோ ஒன்பதாயிரமோ. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மகள் நோட்டில் வரிசையாக எழுதினாள்: முன்பணம், ஹாஸ்டல் டெபாசிட், மெஸ் அட்வான்ஸ், ரயில் டிக்கெட், லேப்டாப், மெத்தை, பக்கெட். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மொதல் மாசம் அவங்க குடுப்பாங்களா சார், நாம குடுக்கணுமா?"

உயர்கல்வி உதவித்தொகைகளை வடிவமைப்பவர்கள் யாரும் சரியாகப் பதில் சொல்லாத கேள்வி இது. உதவித்தொகை உண்டா இல்லையா, எவ்வளவு என்று மட்டும் பேசுகிறோம். அது என்று கைக்கு வரும், அதுவரை யார் செலவு செய்வது, வீட்டில் குறைந்துபோன வருமானத்துக்கு என்ன வழி என்பதைப் பேசுவதில்லை. திறமை இருந்தும், கையில் அனுமதிக் கடிதம் இருந்தும் பிள்ளைகள் பின்வாங்குவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

இதற்கு நல்ல பதில் சொன்ன ஒரு முன்னுதாரணம் நம் துறைமுகத்திலேயே இருக்கிறது. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஓர் எழுத்தர் சேர்ந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை ஆங்கிலத் தேர்வில் தவறியதால் இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. இந்த வேலை வரும்வரை நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தன் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். வேலை கிடைத்தபின் ராமானுஜன் தாயோடும் மனைவியோடும் ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தெரு அது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போகிறது. அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. பட்டமே பெறாதவருக்காக விதியைத் தளர்த்தி, சம்பளத்தைவிட இரண்டரை மடங்கு கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அப்போது அவர் முன்னால் இரண்டு வழிகள். சென்னையில் உத்தரவாதமான 75 ரூபாய், நூலகம், குடும்பம், சொந்த ஊர்ச் சாப்பாடு எல்லாம் இருந்தன. அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டி, இது ஏற்கெனவே தெரிந்தது, இது புதியது, இது தவறு என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. கேம்பிரிட்ஜில் அந்த ஆள் இருந்தார்; மற்றவை எதுவும் இல்லை.

1914 தொடக்கத்தில் விரிவுரைக்காகச் சென்னை வந்திருந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், ராமானுஜனை அங்கே அனுப்ப உதவும்படி பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பிப்ரவரி 5 அன்று கவர்னரின் செயலருக்கு எழுதினார். பல்கலைக்கழகம் இசைந்தது. அந்த ஏற்பாட்டை இன்றைய மாணவர் கண்ணோடு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 250 பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் மாதம் 300 ரூபாய்க்கு மேல். கப்பல் கட்டணம் தனி. உடை முதலான ஆரம்பச் செலவுக்குப் பணம் தனி. அந்த உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் நேராகக் கும்பகோணத்தில் பெற்றோர் கைக்குப் போய்ச் சேரவும் ஏற்பாடு. துறைமுகத்தில் அவர் வாங்கிய சம்பளத்தைப் போல இரு மடங்கு, அவர் இல்லாதபோதும் வீட்டுக்குப் போனது. மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் புறப்பட்டது. கவர்னரின் செயலருக்குக் கடிதம் போய் ஆறு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ராமானுஜனைப் பற்றிச் சொல்லும்போது மேதைமையையும் ஹார்டியையும் நாமகிரித் தாயாரையும் சொல்கிறோம். அந்த 60 ரூபாயைச் சொல்வதில்லை. அது இல்லாவிட்டால் அவரால் நிம்மதியாகக் கப்பலேறியிருக்க முடியாது என்பதே என் எண்ணம். அவரும் அதை மறக்கவில்லை. 1919 ஜனவரியில், ஊர் திரும்பியதும் ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகப் பல்கலைக்கழகம் சொன்னபோது, பெற்றோருக்கு 50 பவுண்டு தந்து, தன் தேவைக்குப் போக மிஞ்சுவதை ஏழை மாணவர்கள், அநாதைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்தே எழுதினார்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். கேட் தேர்வெழுதி எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய். பத்தாண்டாக அசையாத தொகை. நெட் தேர்வெழுதி ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000 ரூபாயில் தொடங்குகிறது. நெட் உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்பவருக்கு 8,000. ஒரே வயது, ஒரே உழைப்பு. எந்தத் தேர்வில் எந்த இடம் என்பதைப் பொறுத்து வருமானத்தில் எட்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இந்தத் தொகைகளும் ஒன்றாம் தேதி வந்துவிடுவதில்லை. சேர்ந்த பிறகு பல்கலைக்கழகம் சரிபார்க்க வேண்டும், வங்கிக் கணக்கு இணைய வேண்டும், மாதாமாதம் உறுதிச் சான்று போக வேண்டும். மாதக்கணக்கில் நிலுவை என்று ஆய்வு மாணவர்கள் போராடுவது நாட்டில் வழக்கமான செய்தியாகிவிட்டது. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ரோஹித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில், தனக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கேட்டிருந்தார். அவருடைய மரணத்துக்குக் காரணங்கள் பல; அந்த நிலுவையும் அவற்றோடு சேர்ந்தே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்திவிட்டார்கள். இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தலைமுறைகளாக வாழும் ராயபுரத்துக்கு அது நேரடி இழப்பு.

தமிழ்நாடு அரசு முதல் பட்டம் வரை செய்திருப்பது பெரிய காரியம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டதே வடசென்னையில், பாரதி மகளிர் கல்லூரியில்தான். மீன் விற்கும் அம்மாக்களின் மகள்கள் பி.எஸ்சி. முடிப்பதற்கு அந்த ஆயிரம் எவ்வளவு துணை என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதன்பின் உள்ள உதவிகள் சிதறிக் கிடக்கின்றன. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு. ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேரும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மாநில அரசு தருகிறது. இப்படி ஒன்று இருப்பதே நான் சந்திக்கும் பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், சேர்ந்து, சான்று வாங்கி, விண்ணப்பித்த பிறகுதான் பணம் வரும். ஜூன் மாத முன்பணத்துக்கு அது உதவாது.

வங்கிக் கடன் இருக்கிறதே என்பார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். வாரியக் குடியிருப்பில் முப்பது, நாற்பது ஆண்டாக இருந்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் இங்கே ஏராளம். கடலோரக் குப்பங்களில் பட்டா என்பது இன்னும் கோரிக்கைதான். ஈடு இல்லாமல் கிடைக்கும் சிறிய கடனிலும், படிக்கும் காலத்தில் தவணை இல்லையே தவிர, வட்டி முதல் நாளிலிருந்து ஏறிக்கொண்டே போகும். இதைப் பல பெற்றோர் படிப்பு முடிந்த பிறகுதான் அறிகிறார்கள்.

எனவே இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதை இங்கே வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். மாதாமாதம் பணம் தரும் இடமும், பணம் இல்லாத பெரிய பெயரும் கையில் இருந்தால், பணம் தரும் இடத்துக்கே முதலில் சாய வேண்டும். அதை ஆசைக்குறைவு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வீட்டைப் பற்றிய கவலை இல்லாமல் லேபில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் ஆராய்ச்சி. வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்கு, சொத்தில்லாத குடும்பம் இருபது, முப்பது லட்சம் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அமெரிக்காவில் பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, உதவித்தொகையும் உண்டு, எம்.எஸ். என்றால் பெரும்பாலும் சொந்தக் காசு. இந்த வேறுபாட்டை ஏஜென்ட் அலுவலகங்கள் எடுத்துச் சொல்வதில்லை. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் வரும் இந்தத் தொகையைத் தண்டல் கட்டும் வீடு எங்கிருந்து காட்டும்?

உதவித்தொகை வந்தாலும் போகக் கூடாத இடங்களும் உண்டு. உங்கள் துறையில் வழிகாட்ட ஆளில்லாத இடத்தில் மாதம் முப்பதாயிரம் வாங்கி ஐந்தாண்டைக் கழிப்பது நஷ்டம்தான். பணம் யார் பெயரில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நெட் எழுதி வாங்கிய ஜேஆர்எஃப் மாணவருடையது. அதை எடுத்துக்கொண்டு தனக்குப் பிடித்த கைடிடம் போகலாம், ஒத்துவராவிட்டால் பேசவும் துணிவிருக்கும். புராஜெக்டில் வரும் ஃபெல்லோஷிப் அந்தப் புராஜெக்டோடு முடிந்துவிடும். பெரும்பாலும் கைடின் தயவில் இருக்கும். ஒரே அளவு பணமானாலும் இரண்டும் ஒன்றில்லை. நல்ல கைடு சேப்பாக்கத்திலோ கிண்டி வளாகத்திலோ இருந்தால், அங்கே சேர்ந்து, வீட்டிலிருந்தே போய்வந்து, ஓராண்டு நெட்டுக்குப் படிப்பது கௌரவமான வழி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு ஒரே ரயில். ஆனால் ஐந்து பேர் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் இரவு எங்கே உட்கார்ந்து படிப்பது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில பெண்களுக்கு ஹாஸ்டல் என்பதே முதன்முதலாகக் கிடைக்கும் மேஜை, நாற்காலி, விளக்கு.

ஓர் இடத்தின் உள்நிலவரம் அதன் இணையதளத்தில் இருக்காது. அங்கே மூன்றாம், நான்காம் ஆண்டு படிக்கும் ஆய்வு மாணவரிடம் போனில் பேச வேண்டும். உதவித்தொகை எந்தத் தேதியில் வருகிறது, இந்தக் கைடிடம் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், நடுவில் விட்டுப்போனவர்கள் உண்டா, கருத்தரங்குக்கு அனுப்புகிறாரா, வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதிக்காத பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எதிர்முனையில் தயக்கம் வந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதுநிலையோடு சேர்ந்த பிஎச்.டி. என்றால், இடையில் முதுநிலைப் பட்டத்தோடு வெளியேற வழி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது; அதே மாதக் கடைசியில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து நள்ளிரவில் ஊரே தெருவுக்கு ஓடிவந்தது. அந்தத் தண்ணீரையும் காற்றையும் சேற்றையும் பற்றி எழுதும் அறிஞர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் அந்தக் கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சூழலியலிலும் வேதியியலிலும் மீன்வளத்திலும் பிஎச்.டி. செய்து அதே சேற்றை ஆராய வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி, சாந்தோமில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், ராயபுரத்திலேயே இந்திய மீன்வள அளவைத் துறையின் தளம் என்று கூப்பிடு தூரத்தில் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் வாசலுக்கும் நம் தெருவுக்கும் நடுவே குறுக்கே நிற்பது அந்த முதல் ஆறு மாதம்தான்.

இதைத் தீர்க்கப் பெரிய பணம் வேண்டாம். மேற்படிப்பு அனுமதிக் கடிதம் பெற்ற ஒருவருக்கு முன்பணம், பயணம், லேப்டாப், ஆறு மாதச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்தாலும், நூறு பேருக்கு ஒரு கோடி. உதவித்தொகை வரத் தொடங்கியதும் தவணையில் திருப்பிக் கட்டினால் அதே பணம் அடுத்த நூறு பேருக்குப் போகும். பல ஆயிரம் கோடி மதிப்பிலான வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கியது. அதில் ஒரு கோடியை இந்தச் சுழல் நிதிக்கு ஒதுக்குவது அரசுக்குப் பாரமாகாது. எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் மணலியில் சென்னை பெட்ரோலியமும் நிறுவனச் சட்டப்படி லாபத்தில் இரண்டு விழுக்காடு சமூகப் பொறுப்புக்குச் செலவிடக் கடமைப்பட்டவை. அவற்றின் புகையையும் லாரி நெரிசலையும் தாங்கும் தெருக்களுக்கு இதைவிட உருப்படியான செலவு எனக்குத் தெரியவில்லை. ஈடாகப் பட்டா கேட்கக் கூடாது. கல்வி நிறுவனத்தின் அனுமதிக் கடிதமே ஈடாக இருக்க வேண்டும். வீட்டுக்கென்று ஒரு சிறு மாதத் தொகையும், முதல் ஆண்டுக்காவது, தாயின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். மீன்பிடித் தடை தொடங்குமுன், மார்ச் மாதமே விண்ணப்பத்தை வாங்கி வைத்து, அனுமதிக் கடிதம் வந்த உடனே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

அதுவரை தியாகராயா, பாரதி மகளிர், வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரித் துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கிருந்து எங்கெங்கோ முதுநிலைக்கும் ஆய்வுக்கும் போன பழைய மாணவர்களின் போன் நம்பரை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதித் துறை அலுவலகத்தில் வையுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் டிசம்பரிலேயே அவர்களைக் கூப்பிட்டுப் பேசட்டும்.